பால் குடிக்கிற குழந்தைக்கும் பாஸ்போர்ட்! - கல்வராயன் மலையிலிருந்து விமானம் ஏறும் குடும்பங்கள் கவனத்துக்கு...

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில் கண்டக்டர் கேட்பார்... "பையனுக்கு என்னம்மா வயசு?" மடியில் கால் தரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்த பையன் உட்கார்ந்திருப்பான். "இன்னும் அஞ்சு முடியலைங்க" என்று பதில் வரும். பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிடுவார் கண்டக்டர். தமிழக அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை. ரயிலிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை கட்டணம் கிடையாது.

இந்தக் கணக்கு விமானத்தில் செல்லாது. அங்கே எல்லை இரண்டு வயது. அந்த வயதையும் வாயால் சொன்னால் போதாது, காகிதத்தில் காட்ட வேண்டும். பிறந்து இருபது நாள் ஆன குழந்தையாக இருந்தாலும் டிக்கெட்டில் பெயர் ஏற வேண்டும். வெளிநாடு என்றால் அந்தக் குழந்தைக்கென்றே தனி பாஸ்போர்ட், தனி விசா.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. ஆனால், விமானத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். குழந்தை பிறந்தது இங்கே தாய்வீட்டில். வீடியோ காலில் மட்டுமே பார்த்த மகளை முதன்முதலாகத் தூக்கப்போகிற சந்தோஷத்தோடு அவர் அந்தப் பக்கம் காத்திருப்பார். இந்தப் பக்கம் கவுன்ட்டரில் ஒரே ஒரு காகிதம் குறைந்தால், அம்மாவும் குழந்தையும் அப்படியே கள்ளக்குறிச்சிக்குத் திரும்ப வேண்டியதுதான். உரிய ஆவணம் இல்லாமல் போனதால் பயணம் தடைபட்டால், விமான நிறுவனம் இழப்பீடு தராது. கடன் வாங்கி எடுத்த டிக்கெட் பணமும் பெரும்பாலும் திரும்பாது.

எல்லாம் அந்த முதல் 21 நாளில்!

குழந்தையின் விமானப் பயணம் மீனம்பாக்கத்தில் தொடங்குவதில்லை. பிறப்புப் பதிவேட்டில் தொடங்குகிறது.

2025 பிப்ரவரியில் மத்திய அரசு பாஸ்போர்ட் விதிகளைத் திருத்தியது. அதன்படி 2023 அக்டோபர் 1 அன்றோ, அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழை மட்டும்தான் ஏற்பார்கள். ஆதார், பள்ளிச் சான்றிதழ் போன்ற மாற்று வழியெல்லாம் அதற்கு முன்பு பிறந்தவர்களுக்கு மட்டுமே. இன்றைக்குத் தொட்டிலில் கிடக்கும் எந்தக் குழந்தையும் இந்தப் புதிய விதிக்குள்தான் வரும்.

பிறப்பை 21 நாள்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதைத் தாண்டி ஓராண்டுக்குள் என்றால் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவு இல்லாமல் பதிவு நடக்காது. நகரத்துக்காரர்களுக்கே அலைச்சல்தான். கல்வராயன் மலையின் உள்கிராமத்திலிருந்து வருபவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி.

அரசு மருத்துவமனையிலோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிரசவம் நடந்தால் பதிவு அங்கேயே தொடங்கிவிடும். கர்ப்பகாலத்தில் கிராம சுகாதார செவிலியர் பதிந்து தரும் 'பிக்மி' எண்ணைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். சான்றிதழுக்கு அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். வீட்டிலேயே, அல்லது மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டால்தான் பதிவு தவறிப்போகிற ஆபத்து அதிகம். கிராம ஊராட்சிகளில் வி.ஏ.ஓ-தான் பிறப்பு, இறப்புப் பதிவாளர். தாயும் சேயும் நலமாக வீடு சேர்ந்த கையோடு அவரிடம் தகவல் சொல்லிவிட வேண்டும்.

இந்த மலையில் காகிதம் என்பதே புதுசு. கல்வராயன் மலைக் கிராமங்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தன. அதன் பிறகுதான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கே வந்தன. மலையாளி பழங்குடிகள் பெரும்பான்மையாக வாழும் இந்தப் பகுதியின் நிலை குறித்து, 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. தாத்தாவுக்குப் பிறந்த தேதி தெரியாது. அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி. அந்த வரிசையில் இந்தக் குழந்தைதான், பிறந்த நாளும் நேரமும் முறையாக எழுதப்படும் முதல் தலைமுறையாகக்கூட இருக்கலாம்.

பலர் கோட்டைவிடுவது இன்னோர் இடத்தில். பிறப்பைப் பதிந்திருப்பார்கள், பெயரைப் பதிந்திருக்க மாட்டார்கள். பெயர் சூட்டும் முன்பே சான்றிதழ் வாங்கிவிடுவதால் பெயர் கட்டம் காலியாக இருக்கும். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனால் திருப்பித்தான் அனுப்புவார்கள். பதிவு செய்த 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க வழி உண்டு. குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தும்போதுதான் பெயர் வைப்போம் என்று காத்திருக்கும் குடும்பங்கள், பதிவேட்டுக்கு ஒரு பெயரை முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.

அப்பா கையெழுத்து எங்கே?

ஒரு காலத்தில் அம்மாவின் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையின் பெயரையும் எழுதிக் கொடுத்தார்கள். 'ஓர் ஆளுக்கு ஒரு பாஸ்போர்ட்' என்பது உலக நடைமுறையாகிவிட்டதால், இப்போது பிறந்த குழந்தைக்கும் தனிப் புத்தகம்தான்.

சிறார் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதன்முறை எடுக்கும்போது 10 சதவிகிதம் தள்ளுபடி உண்டு. தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். பெற்றோரிடம் செல்லத்தக்க பாஸ்போர்ட் இருந்தால் பெரும்பாலும் போலீஸ் விசாரணை இல்லாமலேயே குழந்தையின் பாஸ்போர்ட் வந்துவிடும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தை நாமே கொண்டுபோக வேண்டும். கழுத்து நிற்காத குழந்தையை ஸ்டூடியோவில் உட்கார வைக்க முடியாது. வெள்ளை வேட்டியை விரித்து, அதில் படுக்க வைத்து மேலிருந்து எடுக்கும் உத்தி கிராமத்து ஸ்டூடியோக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சிக்கல் வருவது கையெழுத்தில். குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுக்கத் தாய், தந்தை இருவரும் சம்மதம் தெரிவித்து 'அனெக்சர் டி' என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அப்பா அபுதாபியில் கட்டட வேலையில் இருந்தால்? அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சம்மதப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, சான்றொப்பம் வாங்கி ஊருக்கு அனுப்ப வேண்டும். இங்கே அம்மா அனெக்சர் டி-யில் கையெழுத்திட்டு, இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த கையெழுத்தை பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் எடுபடாது.

வேலை செய்யும் இடத்தில் விடுப்பு கிடைத்து, தூதரகத்துக்குப் போய், பத்திரம் தபாலில் ஊர் வந்து சேரவே வாரங்கள் ஓடிவிடும். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அப்பா விடுப்பில் வந்து திரும்புவதாக இருந்தால், குழந்தை பிறந்ததும் என்னென்ன அனுப்ப வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்வது பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கணவர் கைவிட்டுப் போய்விட்டார், தொடர்பே இல்லை, அல்லது விவாகரத்து வழக்கு நடக்கிறது என்றால் அம்மா மட்டும் தனியாக விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதற்கு 'அனெக்சர் சி' என்ற படிவம். கணவரின் கையெழுத்து இல்லாமல் எதுவுமே நடக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாஸ்போர்ட் தொடர்பான சந்தேகங்களுக்கு 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. புரோக்கருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பு ஒரு போன் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று... சிறார் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பல நாடுகள் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்று கேட்பதால், நடைமுறையில் நாலரை ஆண்டுதான். அம்மாவின் பத்தாண்டு பாஸ்போர்ட்டைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டு, பிள்ளையின் பாஸ்போர்ட் காலாவதியானதை டிக்கெட் போடும் அன்று கண்டுபிடிக்கும் குடும்பங்கள் உண்டு.

ஒற்றைப் பெயரும் ஓர் இனிஷியலும்

தமிழர்களுக்கு அதிகம் வரும் தலைவலி இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'மு.கவின்' என்றால் கவின்தான் பெயர். மு என்பது அப்பா. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டு, ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்துவிடுகிறோம்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்றது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே பதற்றம். சில நாள்களில், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ, குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கிறோம் என்று விளக்கம் வந்தது. பதற்றம் அடங்கினாலும் பாடம் மிச்சமிருக்கிறது. பெரியவர்களின் பாஸ்போர்ட்டைத் திருத்துவது பெரும்பாடு. புதிதாக எடுக்கும் குழந்தையின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரையோ, அம்மாவின் முழுப்பெயரையோ இரண்டாவது கட்டத்தில் போட்டுவிட்டால், பின்னாளில் படிப்பு, வேலை, விசா எல்லாவற்றுக்கும் வசதி.

பிறப்புச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்டில் ஒன்று, டிக்கெட்டில் இன்னொன்று என்று இருந்தாலும் கவுன்ட்டரில் நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் வந்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். முன்பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் சொன்னால், மூன்று எழுத்து வரையிலான பிழையை விமான நிறுவனம் கட்டணமில்லாமல் திருத்தித் தர வேண்டும்.

போகும்போது மடி... வரும்போது சீட்!

உள்நாட்டுப் பயணத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. சேலம் காமலாபுரத்திலிருந்து ஹைதராபாத்துக்கோ, சென்னையிலிருந்து டெல்லிக்கோ போகும்போது பெற்றோரிடம் அடையாள அட்டை இருந்தால், உடன் வரும் குழந்தைக்குத் தனியாக அடையாள அட்டை கேட்பதில்லை. ஆனால், இரண்டு வயது முடியவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் அல்லது ஐந்து வயதுக்குட்பட்டோருக்குத் தரும் நீல நிற பால ஆதார் கையில் இருக்கட்டும். ஆதாரம் இல்லையென்றால் முழுக் கட்டணம் கட்டச் சொல்ல விமான நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

பிறந்து எத்தனை நாளில் ஏற்றலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் சில நாள்களிலேயே அனுமதிக்கிறார்கள். சிலர் ஒரு வாரம், இரண்டு வாரம் என்கிறார்கள். அதற்கு முன்பு என்றால் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். குறைமாதக் குழந்தைக்கு இந்த நாள் கணக்கே பொருந்தாது. குழந்தைநல மருத்துவரிடம் காட்டாமல் டிக்கெட் போட வேண்டாம்.

இரண்டு வயதுக் கணக்கில்தான் பல குடும்பங்களுக்குப் பணம் போகிறது. மகளுக்கு இரண்டு வயது நிறைய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் கிளம்பினால் டிக்கெட் மிச்சம் என்று கணக்குப் போட்டு, சிங்கப்பூர் போகிறார்கள். திரும்பும்போது அவளுக்கு இரண்டு முடிந்துவிட்டது. வயதைப் பார்ப்பது டிக்கெட் எடுத்த அன்றல்ல, பறக்கிற அன்று. திரும்பும் பயணத்துக்குத் தனி சீட், குழந்தைக் கட்டணம். கடைசி நேரத்தில் எடுத்தால் போக வர ஆன செலவை அந்த ஒரு டிக்கெட்டே தின்றுவிடும். முதலிலேயே சொல்லி வாங்கிவிட்டால் குறையும்.

ஒரு பெரியவருக்கு ஒரு மடிக்குழந்தைதான் அனுமதி. இரட்டைக் குழந்தைகளோடு அம்மா மட்டும் பயணம் செய்தால் ஒரு குழந்தைக்கு சீட் வாங்க வேண்டும். இதற்குப் பின்னால் ஒரு காரணமும் உண்டு. அவசர நேரத்தில் மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடிகள் ஒவ்வொரு வரிசையிலும் இருக்கைகளைவிட ஒன்றிரண்டுதான் கூடுதலாக இருக்கும். ஒரே வரிசையில் இரண்டு கைக்குழந்தைகளை உட்கார வைக்க மறுப்பதும் இதனால்தான்.

சீட் வாங்கிய பிள்ளையை அம்மா ஒரு வரிசை, பிள்ளை ஒரு வரிசை என்று பிரித்து உட்கார வைத்து, சேர்ந்து உட்காரப் பணம் கேட்கும் வழக்கம் முன்பு இருந்தது. விமானப் போக்குவரத்துத் துறைத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ, 2024 ஏப்ரலில் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒரே பி.என்.ஆரில் பயணம் செய்யும் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பெற்றோரிலோ, பாதுகாவலரிலோ ஒருவருக்குப் பக்கத்தில் இடம் தந்தே ஆக வேண்டும் என்றது. டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்தால் இந்த விதி கைகொடுக்காது.

மடி பத்திரமான இடமா?

அம்மா மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா என்று கேட்டால் நம் ஊரில் அடிக்க வருவார்கள். விமானத் துறையில் 35 ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கும் விவாதமே இதுதான்.

1989 ஜூலை 19. அமெரிக்காவின் டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் நிறுவனத்தின் 232-ம் எண் விமானம், வால் பகுதி இன்ஜின் வெடித்து, கட்டுப்பாட்டை இழந்து, சூ சிட்டி என்ற ஊரில் மோதித் தரையிறங்கியது. 296 பேர் இருந்த அந்த விமானத்தில் 112 பேர் இறந்தார்கள். மடிக்குழந்தைகள் நான்கு பேர் இருந்தார்கள். அன்றைய நடைமுறைப்படி, தரையிறங்கும் முன்பு குழந்தைகளைப் போர்வையில் சுற்றிக் காலடியில் தரையில் வைக்கச் சொன்னார், பணிக்குழுவின் தலைவியாக இருந்த ஜான் பிரவுன் என்ற பெண்மணி. மோதிய வேகத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. இரண்டு வயது நிரம்பாத ஓர் ஆண் குழந்தை இறந்தது. உயிர் தப்பிய ஜான் பிரவுன், அதன் பிறகு பல ஆண்டுகள் ஒரே கோரிக்கையோடு அலைந்தார்... 'எவ்வளவு சின்னக் குழந்தையாக இருந்தாலும் தனி சீட்டும் பெல்ட்டும் வேண்டும்!'

அமெரிக்க அரசு இன்றுவரை அதைக் கட்டாயமாக்கவில்லை. 2005-ல் அதன் விமானத் துறை சொன்ன காரணம் விசித்திரமானது. ஆனால் தள்ளிவிட முடியாதது. குழந்தைக்கும் டிக்கெட் கட்டாயம் என்றால், செலவுக்குப் பயந்து பல குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும். சாலை விபத்தில் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை, விமானத்தில் காப்பாற்றப்படும் குழந்தைகளைவிட அதிகமாக இருக்கும் என்றது. உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் தினமும் போய்வருகிறவர்களுக்கு இது புரியும்.

சராசரிக் குடும்பத்துக்கு இரண்டு வயதுக்குள் தனி சீட் வாங்குவது கட்டுப்படியாகாது. அதனால், இருப்பதைச் சரியாகச் செய்வோம். பல நிறுவனங்கள் மடிக்குழந்தைக்கென்று ஒரு சின்ன இணைப்பு பெல்ட் தருவார்கள். அது அம்மாவின் பெல்ட்டில் கோக்கப்படும். இரண்டையும் சேர்த்து ஒரே பெல்ட்டுக்குள் கட்டக் கூடாது. குலுங்கும்போது பெரியவரின் உடல் எடை குழந்தையை நசுக்கிவிடும். பெல்ட் விளக்கு எரியும்போது குழந்தை தூங்கினாலும் தொட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

தொட்டிலா என்கிறீர்களா? நீண்ட தூரம் போகும் பெரிய விமானங்களில் முன்வரிசைச் சுவரில் மாட்டும் குட்டித் தொட்டில்கள் உண்டு. எண்ணிக்கை குறைவு; எடை வரம்பு உண்டு. டிக்கெட் எடுத்த கையோடு கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். சேலத்தில் வந்திறங்கும் ஏ.டி.ஆர் போன்ற சின்ன விமானங்களில் அதெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

மலைத்தேனும் உரை மருந்தும்

ஏழு கிலோ கைப்பைக்கு மேல், குழந்தைக்கு வழியில் தேவைப்படும் உணவையும், குழந்தையைத் தூக்கிச் செல்லும் கூடையையும் கொண்டுபோகலாம். வெளிநாட்டு விமானங்களில் திரவப் பொருள் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி, பயணத்துக்குத் தேவையான தாய்ப்பால், பால், குழந்தை உணவு, மருந்து ஆகியவற்றுக்கு இல்லை. சோதனையில் திறந்து காட்டச் சொல்வார்கள், கூச்சப்படாமல் காட்டலாம். குழந்தையைத் தள்ளுவண்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் மெட்டல் டிடெக்டரைக் கடக்க வேண்டும். அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளித் தாயத்து 'பீப்' அடித்தால் பதற வேண்டாம்.

விளையாட்டுத் துப்பாக்கியைக் கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். தீபாவளி முடிந்து கிளம்பும் பிள்ளைகள் அழுவது இதற்காகத்தான்.

மலையிலிருந்து கிளம்பும்போது பாட்டி கொடுத்தனுப்பும் சாமான்களில்தான் கவனம் தேவை. மலைத்தேன் பாட்டில் 100 மில்லிக்கு மேல் என்றால் செக்-இன் பெட்டிக்குள்தான் போக வேண்டும். ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தேன் தரவே கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் பெருகித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

அதைவிட ஆபத்து உரை மருந்துப் பொட்டலத்தில் இருக்கிறது. அதிலிருக்கும் ஜாதிக்காயைக் கொண்டுவர சவுதி அரேபியாவில் தடை. நம் வீட்டுக் குருமாவில் அரைக்கும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள், சிறைவரை கொண்டுபோய்விடும். இங்கே ஐந்தறைப் பெட்டியில் கிடப்பது அங்கே போதைப்பொருள். என்ன இருக்கிறது என்று தெரியாத எந்தப் பொடியையும், 'புள்ளைக்கு நல்லது' என்று யார் கொடுத்தாலும், பெட்டியில் வைக்க வேண்டாம்.

காது அடைப்பு... மலைக்காரர்களுக்குத் தெரிந்த பாடம்

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வரும் வளைவுகளில் பஸ் இறங்கும்போது காது 'ஙொய்' என்று அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கினால் திறந்துவிடும். விமானத்தில் நடப்பதும் இதேதான், கொஞ்சம் அதிகமாக. கல்வராயன் மலை பெரும்பாலும் இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரம். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் அதிகபட்சம் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். ஊட்டியைவிடச் சற்றே உயரம்.

குழந்தைக்கு எச்சில் விழுங்கத் தெரியாது. அதனால் அழும். மேலே ஏறும்போதைவிடக் கீழே இறங்கும்போதுதான் வலி அதிகம். சக்கரம் தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் தாய்ப்பால் கொடுத்தால் குழந்தை விழுங்க விழுங்க காது திறந்துகொள்ளும். ஏறும்போதே வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டால், இறங்கும்போது குடிக்காது. கொஞ்சம் பசி மிச்சமிருக்கட்டும். சளி, காதுவலி இருந்தால் பயணத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். தூங்கட்டும் என்று இருமல் மருந்தைக் கொடுப்பது மிகத் தவறான பழக்கம். சில குழந்தைகளுக்கு மூச்சையே பாதிக்கும்.

தனியாகப் பறக்கும் பிள்ளைகள்

கோடை விடுமுறையில் அப்பாவிடம் போய்வர, ஐந்து வயது முடிந்த பிள்ளையைத் தனியாக அனுப்பும் ஏற்பாடு பல நிறுவனங்களில் உண்டு. 5 முதல் 12 வயது வரை, தனிக் கட்டணத்தோடு, நிறுவனத்தின் ஊழியர் பொறுப்பில் போகலாம். இணையத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு நேரே கொண்டுபோய் விட முடியாது. முன்கூட்டியே நிறுவனத்திடம் பேசிப் பதிய வேண்டும். யார் கொண்டுவந்து விடுகிறார், யார் வந்து அழைத்துக்கொள்வார் என்று படிவத்தில் எழுதித் தர வேண்டும். அந்தப் பக்கம் பெயர் எழுதிய ஆளே அடையாள அட்டையோடு வர வேண்டும். 'எனக்கு டியூட்டி, ரூம்மேட்டை அனுப்புறேன்' என்றால் பிள்ளையைத் தர மாட்டார்கள். அது நல்லதும்கூட.

சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளின் பெற்றோர் ஒரு தேதியை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2022 மே 7 அன்று ராஞ்சி விமான நிலையத்தில், பதற்றமாக இருக்கிறான் என்று சொல்லி மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை ஏற்ற மறுத்தது இண்டிகோ. அவன் பெற்றோரும் பயணத்தைக் கைவிட்டார்கள். சக பயணிகள் வாதாடியது நாடு முழுக்கப் பேசப்பட்டது. விசாரித்த டி.ஜி.சி.ஏ, அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் விதியையும் திருத்தியது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டி யாரையும் ஏற்ற மறுக்கக் கூடாது. பயணத்தில் உடல்நிலை மோசமாகலாம் என்று நிறுவனம் கருதினால், மருத்துவர் நேரில் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவர் முடிவெடுக்கக் கூடாது. சக்கர நாற்காலி போன்ற உதவி தேவையென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்திடம் சொல்லிவைப்பது அவசியம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். மத்திய அரசின் 'ஏர்சேவா' தளத்தில் புகார் பதியலாம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து எப்போது கிளம்புவது?

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் திருச்சியிலிருந்தே விமானம் இருப்பதால், டிக்கெட் விலை சற்றுக் கூடினாலும் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அதுதான் வசதி. சென்னை என்றால் அரசுப் பேருந்து கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அங்கே இறங்கி, பெட்டியும் பிள்ளையுமாக வேறு பஸ் பிடித்து மீனம்பாக்கம் போக வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். கைக்குழந்தை இருந்தால் மொபைலிலேயே செக்-இன் முடிப்பது பல நேரங்களில் நடக்காது. கவுன்ட்டருக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதால் இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து வருபவர்கள் முந்தைய நாளே கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, உறவினர் வீட்டில் தங்கிக் கிளம்பினால் குழந்தையும் தூங்கி எழுந்திருக்கும்.

பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா, தடுப்பூசி அட்டை எல்லாம் பெட்டிக்குள் போகக் கூடாது. பால் புட்டி இருக்கும் அதே கைப்பையில், மேல் ஜிப்பில் இருக்கட்டும்.